பரணில் கிடக்கும் பிரம்பு நாற்காலியை மறுபடி பின்னுவது எப்படி?

புது வீட்டுக்குக் குடிபோகும்போது பரணிலிருந்து இறங்கும் சாமான்களில், நடுவில் ஓட்டை விழுந்த பிரம்பு நாற்காலி ஒன்றாவது இருக்கும். தேக்குச் சட்டம் கல்லாக இருக்கும், உட்காரும் இடம் மட்டும் கிழிந்து தொங்கும். வழக்கமாகச் செய்வது, மேலே ஒரு பிளைவுட் பலகையை அறைந்து மெத்தை போட்டுவிடுவது. அதை மட்டும் செய்யாதீர்கள். சுற்றிலும் வரிசையாகத் துளை போட்ட சட்டம் அது. துளைகளுக்கு நடுவே ஆணி இறங்கினால் மரம் அந்த வரிசையிலேயே பிளக்கும். பிறகு பின்னவும் முடியாது, பலகையும் நிற்காது. நம் வெயிலுக்கு முதுகிலும் தொடையிலும் காற்றுப் போகும் இருக்கையை மூடிவிட்டு, வியர்க்கும் மெத்தையில் உட்காருவதும் புத்திசாலித்தனம் இல்லை.

மறுபின்னலுக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பார்வையற்றோருக்கான தொழிற்பயிற்சிகளில் நாற்காலிப் பின்னல் நெடுங்காலமாக இடம்பெற்று வந்திருக்கிறது. கண்ணைவிட விரல்தான் இதில் வேலை செய்கிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. முதல் நாற்காலிக்கு 15 முதல் 20 மணி நேரம் ஆகும். ஒரே மூச்சில் உட்கார வேண்டியதில்லை. ஒரு கட்டம் முடிந்ததும் பத்து நாள் அப்படியே விட்டாலும் கெடாது.

எந்த வகை நாற்காலி என்று முதலில் பாருங்கள்

நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். சட்டத்தைச் சுற்றித் துளைகளும், அவற்றுக்கிடையே நார் ஓடிய தடமும் தெரிந்தால் அது கையால் பின்னியது. அடியில் துளையே இல்லாமல், மேல்பக்கம் சுற்றிலும் ஒரு பள்ளமும் அதில் அடைத்த பிரம்புக் குச்சியும் இருந்தால், அது கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் ஆயத்த ஷீட் போட்டது. இரண்டுக்கும் வேலை முற்றிலும் வேறு. துளைச் சட்டத்தின் மேல் ஷீட்டை வைத்து ஸ்டேபிள் பின் அடித்துத் தருபவர்கள் உண்டு. ஆளின் எடை முழுவதும் அந்தப் பின்களில் தொங்குவதால் சில மாதங்களில் பிய்த்துக்கொண்டு வரும்.

இங்கே விரிவாகச் சொல்வது கைப்பின்னல். ஷீட் வேலையைக் கடைசியில் சுருக்கமாகப் பார்க்கலாம்.

சட்டத்தைச் சரிசெய்யாமல் நாரைத் தொடாதீர்கள்

பின்னி முடித்த இருக்கை நான்கு பக்கச் சட்டங்களையும் உள்நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். ஆடும் மூட்டு இருந்தால் அந்த இழுவையிலேயே கோணிவிடும். பின்னிய பிறகு மூட்டைப் பிரிக்கவும் வழியில்லை. ஆகவே முதல் வேலை மூட்டு. பழைய நாற்காலிகளில் பெரும்பாலும், விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பசையான வஜ்ரம்தான் போட்டிருப்பார்கள். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தால் அது இளகும். மூட்டைக் கழற்றி, பழைய வஜ்ரத்தை மரம் தெரியும்வரை சுரண்டி எடுங்கள். அதன் மேலேயே புதுப் பசையைத் தடவினால் ஒட்டாது. வெள்ளை மரப்பசை தடவிச் சேர்த்து, கயிற்றைச் சுற்றி நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கி, ஒரு நாள் முழுக்க விடுங்கள்.

சட்டத்தில் பொடித் துளைகள் தெரிந்து தட்டினால் மாவு உதிருமானால் வண்டு இருக்கிறது. அதற்கான மருந்தை ஊசி வைத்துத் துளைக்குள் ஏற்றி, காய்ந்த பிறகே மேலே போங்கள். பாலிஷ் போடுவதானால் அதுவும் இப்போதே முடிந்துவிட வேண்டும். பின்னிய பிறகு போட்டால் நாரில் வழிந்து கறை பிடிக்கும்.

பழைய பின்னலைச் சட்டத்தின் உள்விளிம்பை ஒட்டிக் கத்தியால் அறுத்து, முழு வட்டாக எடுத்து வையுங்கள். எங்கே எந்த நார் எதன் மேல் போகிறது என்பதற்கு அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. அடியில் உள்ள முடிச்சுகளை வெட்டி, முனை மழுங்கிய ஆணியை மேலிருந்து வைத்துத் தட்டித் துளைகளைத் திறந்துவிடுங்கள். எல்லாத் துளைகளும் திறந்தபின் சட்டத்தின் உள்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். கூராக இருந்தால் உப்புத்தாள் போட்டு லேசாக உருட்டிவிடுங்கள். முன்பக்க விளிம்பை ஒட்டி வரிசையாக அறுந்த நாற்காலிகளைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலும் நாரின் குற்றம் இல்லை அது, இந்தக் கூர் விளிம்பின் வேலை.

எந்த நார், எவ்வளவு

இதற்குப் பயன்படுவது பிரம்பின் மேல்தோல். பளபளப்பான அந்தத் தோலைச் சீவி, ஒரே அகலப் பட்டையாக இழுத்திருப்பார்கள். உள்ளே இருக்கும் சோற்றிலிருந்து எடுக்கும் உருண்டை நார் கூடைக்குச் சரி, இருக்கைக்கு ஆகாது. தமிழ்நாட்டில் பிரம்பு வேலைக்குப் பெயர் பெற்ற ஊர், சீர்காழி–சிதம்பரம் சாலையில் உள்ள தைக்கால். அந்தப் பக்கம் போகிறவர்கள் அங்கே நாரும் விசாரிக்கலாம். கடையில் ‘நாற்காலி நார்’ என்று பொதுவாகக் கேட்காமல் மில்லிமீட்டர் சொல்லிக் கேளுங்கள்.

அந்த மில்லிமீட்டரைத் துளைதான் முடிவு செய்கிறது. ஒரு துளையின் மையத்திலிருந்து அடுத்ததன் மையம்வரை அளக்க வேண்டும். ஒன்றை மட்டும் அளந்தால் தவறும் என்பதால், 10 இடைவெளியைச் சேர்த்து அளந்து பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். இடைவெளி சுமார் 10 மி.மீ. என்றால் 2 மி.மீ. நார். 12 முதல் 13 மி.மீ. என்றால் 2.25. சுமார் 16 என்றால் 2.5. சுமார் 19 என்றால் 3 மி.மீ. சந்தேகம் வந்தால் மெல்லியதையே எடுங்கள். ஒவ்வொரு துளையிலும் கடைசியில் பொதுவாக நான்கு நார்கள் போக வேண்டும், விளிம்பு கட்டும் நார் அதற்கும் மேல். தடித்த நாரை வாங்கியவர்கள் ஐந்தாம் கட்டத்தில் வந்து மாட்டிக்கொள்வார்கள்.

12 அங்குலச் சதுர இருக்கைக்கு ஏறக்குறைய 75 மீட்டர் நார் போகும். 16 அங்குலச் சதுரத்துக்கு 135 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். விளிம்புக்கு 4 முதல் 5 மி.மீ. அகலப் பட்டை, இருக்கையின் சுற்றளவைவிட ஒரு சாண் கூடுதலாக. வாங்கும்போது ஒரு நாரை நனைத்து விரலைச் சுற்றி வளைத்துப் பாருங்கள். படக்கென்று ஒடிந்தால் வருடக்கணக்காகக் கிடந்த சரக்கு, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கருவி என்று பார்த்தால் ஒரு குத்தூசி, கத்தரிக்கோல், அகலமான தாம்பாளம் அல்லது பேசின், ஈரத்துண்டு, தண்ணீர் தெளிக்கும் பாட்டில். இவற்றோடு துளையில் நாரை இறுக்கிப் பிடிக்க 15 ஆப்புகள். மூங்கில் குச்சியை ஒரு முனை மெலிந்திருக்கும்படி விரல் நீளத்துக்குச் சீவிக்கொண்டால் போதும்.

ஊறவைப்பது

இளஞ்சூடான தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம். லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி கிளிசரின் விட்டால் நார் வழுக்கிக்கொண்டு வரும், விடாவிட்டாலும் குற்றமில்லை. கட்டு மொத்தத்தையும் இரவே ஊறப்போட்டுவிட்டுக் காலையில் உட்காரலாம் என்று நினைப்பதுதான் பலரும் செய்கிற தப்பு. மணிக்கணக்கில் ஊறினால் பளபளப்பு போய்ச் சாம்பல் நிறமாகி, தோல் சிலும்பத் தொடங்கும். இரண்டு நார்களைச் சுருட்டிப் போடுங்கள். ஒன்றை எடுக்கும்போது காய்ந்த ஒன்றைப் போட்டுவிடுங்கள். எடுத்தது ஈரத்துண்டுக்குள் இருக்கட்டும்.

பளபளப்பான பக்கம் எப்போதும் வெளியே தெரிய வேண்டும், சட்டத்துக்கு அடியில் ஓடும் இடத்திலும்கூட. அடியில் ஒரு திருகல் விழுந்தால் முதலில் அறுவது அங்கேதான். இன்னொன்று: நாரில் அங்கங்கே கணு இருக்கும். விரலை ஓட்டிப் பார்த்தால் ஒரு திசையில் வழுக்கும், மறு திசையில் நெருடும். வழுக்கும் திசையிலேயே இழுத்துப் பின்னுங்கள். எதிர்த்திசையில் இழுத்தால் குறுக்கே கிடக்கும் ஒவ்வொரு நாரிலும் கணு மாட்டிச் சிலும்பும்.

முதல் மூன்று கட்டம்: பின்னலே இல்லை

பின்சட்டத்தின் துளைகளை எண்ணி நடுத்துளையைக் கண்டுபிடித்து ஓர் ஆப்பு வையுங்கள். முன்சட்டத்திலும் அப்படியே. மூலைத் துளைகளை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள், அவை மூலைவாட்டு நாருக்கு உரியவை.

நாரின் ஒரு முனையைப் பின் நடுத்துளையில் மேலிருந்து விட்டு, அடியில் 10 செ.மீ. தொங்கவிட்டு ஆப்பு செருகுங்கள். மறுமுனையை முன் நடுத்துளையில் இறக்கி, அடுத்த துளையில் மேலே ஏற்றி, பின்சட்டத்துக்குக் கொண்டுபோங்கள். இப்படியே ஒரு பக்கத்தை முடித்துவிட்டு, நடுவிலிருந்து மறுபக்கம். நார் தீர்ந்தால் துளையில் ஆப்பு வைத்து நிறுத்தி, அடுத்த துளையிலிருந்து புது நாரைத் தொடங்குங்கள். இருக்கையின் நடுவில் ஒருபோதும் ஒட்டுப் போடக்கூடாது. எல்லா இணைப்பும் சட்டத்துக்கு அடியில்தான்.

இழுவை எவ்வளவு என்பதுதான் புதியவர்களைக் குழப்பும். நாரின் நடுவில் விரலை வைத்து அழுத்தினால் ஒரு செ.மீ. இறங்க வேண்டும். வீணைத் தந்தி மாதிரி இழுத்துக் கட்டினால் நான்காவது கட்டத்தில் நாரை உள்ளே நுழைக்கவே முடியாது. பின்னப் பின்ன இறுகும், காயும்போது சுருங்கி இன்னும் இறுகும். இந்த இரண்டுக்கும் இடம் வேண்டும்.

பெரும்பாலான நாற்காலிகளில் முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். பின்சட்டத்தின் துளைகள் தீர்ந்த பிறகும் முன்சட்டத்தில் சில மிஞ்சும். அந்த நார்களைப் பக்கச் சட்டத்தில், முந்தைய நாருக்கு இணையாக எந்தத் துளை வருகிறதோ அதில் இறக்குங்கள். இடையில் ஒன்றிரண்டு துளை காலியாக விடுபட்டால் விடுபடட்டும். வரிசை தவறாமல் நிரப்ப வேண்டும் என்று துளைக்கணக்குப் பார்த்தால் நார் சாய்ந்து, கடைசியில் முழுப் பின்னலும் கோணும்.

இரண்டாம் கட்டம் குறுக்கு நார். பக்கத்துக்குப் பக்கம், முதல் நார்களின் மேலே சும்மா கிடத்துவதுதான். மூன்றாவது மறுபடியும் நெடுக்கு. முதலில் போட்ட அதே துளைகள் வழியாக, குறுக்கு நார்களின் மேலே. ஒரே விஷயம், இது முதல் நாரின் சரியாக மேலே உட்காராமல் அதன் வலப்பக்கம் ஒதுங்கிக் கிடக்க வேண்டும். எல்லா வரிசையிலும் வலப்பக்கமே. ஓரிடத்தில் இடப்பக்கம் விழுந்தால் அடுத்த கட்டத்தில் அந்த வரிசை முழுக்கத் தகராறு செய்யும்.

நான்காம் கட்டம்: இங்கேதான் பின்னல் தொடங்குகிறது

குறுக்கே இரண்டாவது நார். விதி ஒன்றுதான்: ஒவ்வொரு நெடுக்கு ஜோடியிலும் மேலே கிடக்கும் நாருக்கு மேலே, கீழே கிடக்கும் நாருக்குக் கீழே. வலமிருந்து வந்தாலும் இடமிருந்து வந்தாலும் இது மாறாது. ஏற்கெனவே கிடக்கும் குறுக்கு நாரின் முன்பக்கமாக இது ஓடட்டும், எல்லா வரிசையிலும் முன்பக்கமாகவே. நாலைந்து ஜோடி தாண்டியதும் நாரை முழுக்க இழுத்துக்கொள்ளுங்கள். கடைசிவரை நுழைத்துவிட்டு ஒரேயடியாக இழுத்தால் அறுந்துவிடும்.

கிடக்கும் நார்கள் காய்ந்திருந்தால் அடியிலிருந்து தண்ணீர் தெளியுங்கள். மேல்தோல் தண்ணீரை உள்ளே விடாது, அடிப்பக்கம்தான் குடிக்கும். வரிசை முடிந்ததும் இரண்டு ஆப்புகளை இரு பக்கமும் வைத்து ஜோடிகளை நெருக்கிவிடுங்கள். இப்போது இருக்கை முழுக்கச் சிறு சிறு சதுர ஓட்டைகள் ஒழுங்காகத் தெரிய வேண்டும். சதுரம் கோணியிருந்தால் இந்த இடத்திலேயே சரிசெய்ய வேண்டும், மூலைவாட்டு நார் போன பிறகு நகராது.

ஐந்தும் ஆறும்: மூலைவாட்டு

ஒரு மூலைத் துளையில் தொடங்கி எதிர் மூலையை நோக்கிப் போங்கள். ஐந்தாம் கட்ட நார் நெடுக்கு ஜோடிகளுக்கு மேலேயும் குறுக்கு ஜோடிகளுக்குக் கீழேயும் போனால், ஆறாம் கட்டம் எதிர்த் திசையில், நெடுக்குக்குக் கீழே, குறுக்குக்கு மேலே. எந்தத் திசைக்கு எது என்பதை, நான்காம் கட்டத்தில் ஜோடிகள் எப்படிக் கோத்திருக்கின்றன என்பது முடிவு செய்யும். மனப்பாடம் செய்வதைவிட, நாலு சதுரம் இரண்டு விதமாகவும் நுழைத்துப் பாருங்கள். சரியான வழியில் நார் சதுரத்தின் மூலைக்குள் வழுக்கிக்கொண்டு போய் உட்காரும். தவறான வழியில் ஜோடிகளின் விளிம்பில் இடித்து நெருடும், முன்னும் பின்னும் இழுத்தால் மற்ற நார்களும் கூடவே ஆடும். விரலுக்கே தெரிந்துவிடும். நெருடும் பின்னலை ‘போகட்டும்’ என்று விட்டால், உட்காரும் ஒவ்வொரு தடவையும் நார் நாரை அறுக்கும்.

மூலைத் துளையில் மட்டும் ஒரே திசையின் இரண்டு நார்கள் இறங்கும். சாய்ந்த பக்கச் சட்டத்திலும் சில துளைகளில் இரண்டு விழும், பக்கத்துத் துளை ஒன்று காலியாகும். எதிர்த்திசை நார் போடும்போது அந்தக் காலித் துளை பெரும்பாலும் நிரம்பும். நேர்கோடு உடையாமல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஆறாம் கட்டத்தில் துளை நெருக்கமாக இருக்கும். குத்தூசியால் மற்ற நார்களை ஒதுக்கி, நாரின் முனையைச் சாய்வாகச் சீவிக்கொண்டு நுழைக்க வேண்டும். குத்தூசி நாரைத் துளைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடியில் தொங்கும் முனைகளை நனைத்து, பக்கத்தில் துளைக்குத் துளை ஓடும் நாரின் அடியில் விட்டு இரண்டு சுற்று சுற்றி இறுக்கி, 2 செ.மீ. விட்டு வெட்டுங்கள். ஆப்புகள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

விளிம்பு

துளைகளை மூடும் அகலப் பட்டையைப் பின்சட்டத்தின் நடுவில் தொடங்கிச் சுற்றிலும் கிடத்துங்கள். மெல்லிய நார் ஒன்றை அடியிலிருந்து துளை வழியாக ஏற்றி, பட்டையின் மேலே தாண்டி, அதே துளையில் இறக்கி, அடியிலேயே அடுத்த துளைக்கு. துளைகள் ரொம்ப நெருக்கமென்றால் ஒன்று விட்டு ஒன்று கட்டினாலும் பார்வைக்குக் குறை தெரியாது. வளைந்த மூலையில் பட்டை நன்றாக ஊறியிருந்தால் தானாகத் திரும்பும். கூர் மூலையில் வளைக்க முயன்று பட்டையை உடைப்பதைவிட, நான்கு பக்கத்துக்கும் நான்கு துண்டாக வெட்டி, முனைகளை மூலைத் துளையில் செருகி, பசை தொட்ட ஆப்பு அடித்து, மேலே தெரியும் ஆப்பைச் சமமாக வெட்டிவிடுங்கள்.

நிழலில் இரண்டு நாள் காயட்டும். வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் முன்னதாகக் காய்ந்து அங்கே மட்டும் இழுக்கும். அதுவரை யாரும் உட்காரக்கூடாது. ஈர நாரில் எடை விழுந்தால் குழியாகவே காய்ந்து நின்றுவிடும். அடியில் சிலும்பி நிற்கும் இழைகளைக் கத்தரித்துவிடுங்கள். மெழுகுவர்த்தியை வேகமாக ஓட்டிப் பொசுக்குவதும் வழக்கம்தான், ஆனால் சட்டத்தில் புதிதாக ஸ்பிரிட் பாலிஷ் போட்டிருந்தால் நெருப்பை அருகில் கொண்டுபோகாதீர்கள். நாருக்கு வார்னிஷ் வேண்டாம். அடிப்பக்கம் வார்னிஷால் அடைபட்டுவிட்டால் பிறகு நனைத்து இறுக்கும் வழி போய்விடும்.

ஷீட் போட்ட நாற்காலி என்றால்

பள்ளத்தில் உள்ள குச்சியின் மேல் வெந்நீர்த் துணி வைத்துப் பசையை இளக்கி, பள்ளத்தைவிடக் குறுகலான உளியால் நெம்பி எடுங்கள். புது ஷீட்டைச் சுற்றிலும் 3 செ.மீ. கூடுதலாக வெட்டி, அரை மணி ஊறவைத்து, பின்னலின் கோடுகள் முன்சட்டத்துக்கு நேராக இருக்கும்படி விரியுங்கள். மர ஆப்பை வைத்துச் சுத்தியலால் பள்ளத்துக்குள் தட்டி இறக்குங்கள். முதலில் பின் நடு, அடுத்து முன் நடு, பிறகு இரு பக்கங்களின் நடு, கடைசியில் மூலைகள். மிச்சத்தைப் பள்ளத்தின் வெளிச்சுவர் ஓரமாக, சட்டத்தின் மேல்மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி உளியால் வெட்டிவிட்டு, பள்ளத்தில் வெள்ளை மரப்பசை விட்டு, ஊறிய குச்சியைத் தட்டி இறக்குங்கள். எபாக்ஸி போன்ற இளகாத பசையைப் போட்டால் அடுத்த முறை ஷீட் மாற்றும்போது சட்டத்தையே செதுக்க வேண்டிவரும்.

பிளாஸ்டிக் நாரும் கிடைக்கிறது. மழைச்சாரல் படும் பால்கனிக்கு அதுவே பொருத்தம். ஊறவைக்க வேண்டாம், ஆனால் காயும்போது இறுகும் குணம் அதற்கு இல்லாததால் முதல் நாரிலிருந்தே விறைப்பாக இழுக்க வேண்டும். நேர் வெயில் படும் இடமானால் அதுவும் சில ஆண்டுகளில் நொறுங்கும்.

பின்னிய நாற்காலியில் ஏறி நின்று மின்விசிறி துடைப்பது, முழங்காலை ஊன்றுவது இரண்டும் கூடாது. எடை ஒரே புள்ளியில் விழுந்தால் நல்ல நாரும் அறும். கோடையில் மாதம் ஒருமுறை அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்தால் நார் வறண்டு வெடிக்காது. இருக்கை தொய்ந்து குழி விழுந்தால், நாற்காலியைக் கவிழ்த்து வெந்நீரில் பிழிந்த துணியை அடிப்பக்கத்தில் அரை மணி போட்டு எடுத்து, ஓர் இரவு காயவிடுங்கள், பெரும்பாலும் பழையபடி இறுகிவிடும். இரண்டு முறை செய்தும் இறுகாவிட்டால், எங்கோ ஒரு நார் அறுந்திருக்கிறது. முன்சட்டத்தின் விளிம்புப் பட்டையை ஒட்டி அடியில் தேடுங்கள்.